அதிர்ச்சிக்குப் பின்: மின்திருக்கையின் களைப்பைப் படித்த கதை



முதுகலை படித்தபோது எங்களை மண்டபம் கரைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். விடிந்தும் விடியாத வேளை. வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், வட்டத் தாம்பாளம் போலப் பழுப்பாகக் கிடந்த ஒன்றைக் காட்டி, "தொட்டுப் பாருங்க தம்பி" என்றார். தொட்டேன். முழங்கை வரை மரத்துப்போனது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு விடுவதற்கு மனமில்லை. மறுபடி தொட்டேன், மறுபடியும் தொட்டேன். ஒவ்வொரு தடவையும் அடி குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஈரத் தோலின் வழுவழுப்பு மட்டும்தான் விரலில் பட்டது. "ஓஞ்சு போச்சு. கொஞ்ச நேரம் சும்மா விட்டா திரும்ப அடிக்கும்" என்றார் பெரியவர். இன்று நான் பேச வந்திருப்பது முழுவதும் அவர் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கும். ஏன் ஓய்ந்தது? எப்படித் திரும்ப அடிக்கும்?

அந்த மீனுக்கு நம் கரையில் திமிலை என்ற பெயர் உண்டு. தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன மீன்களை ஆராய்ந்து 1801இல் பிளாக்கும் ஷ்னைடரும் வெளியிட்ட நூலில் அந்தப் பெயரே இனப்பெயராக ஏறிவிட்டது: நார்சினே டிம்லெய். தமிழ் மீனவர் வாயிலிருந்து நேரே அறிவியல் பெயருக்குள் போன சொற்களில் இது ஒன்று. நாம் இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

மனிதர்கள் நெடுங்காலமாக இந்த மின்திருக்கை வகை மீன்களின் அடியைப் பற்றித்தான் கேட்டுவந்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கையை வலிக்கும் இடத்தில் வைக்கச் சொன்னார். 1772இல் ஜான் வால்ஷ் பிரான்சின் லா ரொஷெல் துறைமுகத்துக்குப் போய், இந்த அடி மின்சாரம்தான் என்று காட்டினார். இந்த வால்ஷ் நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் படைகளுக்குச் சம்பளம் வழங்கும் அதிகாரியாக இருந்தவர். பின்னர் கிளைவின் செயலராகப் போனவர். அவர் கொடுத்த மீன்களை லண்டனில் ஜான் ஹண்டர் அறுத்துப் பார்த்தார். ஒரு மீனில் ஒரு பக்க உறுப்பில் மட்டும் 470 தூண்களை எண்ணினார். அவரைத் திகைக்க வைத்தது தூண்களைவிட அவற்றுக்குள் போகும் நரம்புகளின் பருமன். இவ்வளவு நரம்பு எதற்கு என்று அவர் வியந்த கேள்விக்கு விடை வர இன்னும் 166 ஆண்டுகள் ஆயின. 1800இல் வோல்ட்டா தம் மின்கல அடுக்கைச் செய்தபோது அதைச் செயற்கை மின்னுறுப்பு என்றே அழைத்தார். இந்த வரலாற்றைப் பலர் எழுதிவிட்டார்கள், இதில் நிற்கப்போவதில்லை.

உறுப்பின் அமைப்பை மட்டும் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தலைக்கு இரு பக்கமும் சிறுநீரக வடிவில் இரண்டு உறுப்புகள். ஒவ்வொன்றிலும் தேன்கூட்டுக் கட்டம் போல நெருக்கமாக நிற்கும் தூண்கள். ஒவ்வொரு தூணும் இட்லித் தட்டுகளை அடுக்கினாற்போல நூற்றுக்கணக்கான மெல்லிய தட்டுகளால் ஆனது. ஒவ்வொரு தட்டும் ஒரு செல். கருவில் தசையாகத் தொடங்கி, வளர வளரச் சுருங்கும் தன்மையை இழந்து தட்டையானது. தட்டின் அடிப்பக்கம் முழுவதும் நரம்பு முனைகள் பாய் விரித்தாற்போலப் படர்ந்திருக்கும். மேல்பக்கத்தில் நரம்பே இல்லை. ஒரு தட்டு தருவது 0.1 வோல்ட்டுக்கும் குறைவு. எல்லாம் ஒரே நேரத்தில் தந்தால் ஐரோப்பியக் கடல்களின் டார்பீடோ மார்மொராட்டா ஏறத்தாழ 45 வோல்ட் வரை எழுப்பும். உப்பு நீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதால், கடல் மீனுக்கு வோல்ட்டைவிட ஆம்பியர்தான் தேவை. அதனால்தான் இத்தனை தூண்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. தென் அமெரிக்க ஆறுகளில் வாழும் மின்விலாங்குக்கு நிலைமை நேர்மாறு. அது நீளவாக்கில் அடுக்கி 600 வோல்ட்டையும் தாண்டும்.

இன்னொரு வேறுபாடுதான் நமக்கு முக்கியம். மின்விலாங்கின் தட்டுகள் நரம்பைப் போலத் தாமே கிளர்ந்து துடிப்பெழுப்பக் கூடியவை. டார்பீடோவின் தட்டுகளுக்கு அந்தத் திறன் கிடையாது. நரம்பு முனை கொட்டும் வேதிப்பொருள் தட்டின் மேல் பட்டு வாயில்களைத் திறக்கும்போது ஓடும் மின்னோட்டம்தான் அதன் முழு அடியும். இடையில் பெருக்கிக்கொடுக்க யாரும் இல்லை. மண்டபத்தில் என் முழங்கை வரை ஏறிய மரப்பு, லட்சக்கணக்கான நரம்பு முனைகள் ஒரே கணத்தில் கொட்டிய அசிட்டைல்கோலினின் கூட்டுத்தொகை. ஹண்டரின் நரம்புகளுக்கு இதுதான் காரணம்.

இதை மெய்ப்பித்தது பிரான்சின் அர்க்கஷோன் கடலோர ஆய்வகத்தில், 1939இன் கோடையில். வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க் யூதர் என்பதால் 1933இல் பெர்லினிலிருந்து வெளியேற்றப்பட்டவர். அவரும் பிரெஞ்சு உடலியலாளர் ஆல்ஃபிரட் ஃபெசாரும் மின்னுறுப்பின் இரத்தக் குழாய் வழியே திரவத்தை ஓடவிட்டு, நரம்பைத் தூண்டி, வெளியே வந்த திரவத்தைப் பிடித்தார்கள். அதை அட்டையின் முதுகுத் தசைத் துண்டு ஒன்றின் மேல் விட்டார்கள். அந்தத் தசை அசிட்டைல்கோலின் துளியளவு இருந்தாலும் சுருங்கும். சுருங்கியது. பிறகு திருப்பிச் செய்தார்கள்: நரம்பைத் தொடாமல் குழாய் வழியே அசிட்டைல்கோலினைச் செலுத்தினார்கள்; உறுப்பு மின்னழுத்தம் எழுப்பியது. சில வாரங்களில் போர் மூண்டது. கட்டுரை 1942இல்தான் அச்சேறியது. மீன், அட்டை, இரண்டு மனிதர், ஒரு கோடை. இவ்வளவு சிக்கனமான சான்றை நான் உடலியலில் அதிகம் பார்த்ததில்லை.

அதே காலத்தில் பாரிசில் தஞ்சம் புகுந்திருந்த டேவிட் நக்மன்ஸோன், 1937 உலகக் கண்காட்சியில் உயிருள்ள மின்திருக்கையைப் பார்த்துவிட்டு, அதன் உறுப்பில் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார். ஒரு கிலோ மின்னுறுப்பு ஒரு மணி நேரத்தில் 3 முதல் 4 கிலோ அசிட்டைல்கோலினைச் சிதைத்துவிடும். அந்த ஒரு கிலோவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெறும் தண்ணீர் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கொட்டிய மறுகணமே துடைத்தாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த அடிக்கு இடமில்லை. துடைப்பதற்கே இத்தனை ஏற்பாடு என்றால், துடைத்ததை அள்ளித் திரும்பச் சேர்க்க என்ன ஏற்பாடு?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன், கொட்டுவது எப்படி என்பது தெரிய வேண்டியிருந்தது. 1950களின் தொடக்கத்தில் லண்டனில் பெர்னார்ட் காட்ஸும் அவரது கூட்டாளிகளும் தவளைத் தசையில் ஒன்றைக் கண்டார்கள். அசிட்டைல்கோலின் குழாய்த் தண்ணீர் போல ஒழுகுவதில்லை. படி படியாக, அளந்து வைத்த பொட்டலங்களாகவே வருகிறது. சரியாக அந்த ஆண்டுகளில்தான் எலக்ட்ரான் நுண்ணோக்கி நரம்பு முனைகளுக்குள் குவிந்து கிடக்கும் குட்டிக் குட்டி உருண்டைகளைக் காட்டியது. நான் அவற்றை நுண்பைகள் என்று சொல்கிறேன். பொட்டலம் என்பது இந்த நுண்பைதான் என்று எல்லோரும் ஊகித்தார்கள். ஊகத்தைச் சோதிக்க நுண்பைகளைத் தனியே பிரித்தெடுத்து உள்ளே இருப்பதை அளக்க வேண்டும். தசையில் முடியாது, நரம்பு முனைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். மூளையில் பல வகை நரம்புகள் கலந்து கிடக்கும். மின்திருக்கையில் ஒரே வகை நரம்பு, ஒரே வேதிப்பொருள், எடைக்கு எடை தசையைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகமான நரம்பு முனைகள்.

கேம்பிரிட்ஜில் இருந்த விக்டர் விட்டேக்கர் இதைப் பிடித்துக்கொண்டார். மின்னுறுப்பு பார்ப்பதற்கு நுங்கு போலக் குழைவாகத் தெரிந்தாலும், உள்ளே நார் பின்னிய கெட்டித் திசு; சாதாரணமாக அரைத்தால் நுண்பைகள் நசுங்கிவிடும். திரவ நைட்ரஜனில் கல்லாக உறைய வைத்து, உடைத்துத் தூளாக்கி, திருக்கையின் உடல் திரவத்துக்கு ஈடான உப்புச் செறிவுள்ள கரைசலில் ஊறவைத்தார்கள். வெடித்த நரம்பு முனைகளிலிருந்து நுண்பைகள் முழுசாக வெளியே மிதந்தன. சர்க்கரைக் கரைசலில் சுழற்றி அடர்த்தி வாரியாகப் பிரித்தார்கள். 1972இல் அந்த முறை வெளியானது. ஒரே ஒரு வகை நுண்பை மட்டும், தூய்மையாக, எடைபோடும் அளவில் கையில் கிடைத்தது.

அந்த நுண்பையின் விட்டம் ஏறத்தாழ 90 நானோமீட்டர்; நம் மூளையில் உள்ளதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். உள்ளே ஏறத்தாழ 2,00,000 அசிட்டைல்கோலின் மூலக்கூறுகள். கூடவே, யாரும் எதிர்பாராத துணையாக, ஏடிபி. உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் என்று நாம் பாடத்தில் படிக்கும் அதே ஏடிபி இங்கே சரக்கோடு சரக்காக அடைக்கப்பட்டிருந்தது.

இனி நான் மிகவும் விரும்பும் சோதனைக்கு வருகிறேன். ஹெர்பர்ட் ஸிம்மர்மனும் விட்டேக்கரும் 1974இல் வெளியிட்டது. மயக்கிய திருக்கையின் மூளையில் மின்னுறுப்புகளை ஆளும் மடலைத் திரும்பத் திரும்பத் தூண்டினார்கள். ஒரு பக்க உறுப்புக்குப் போகும் நரம்புகளை முன்பே வெட்டியிருந்தார்கள். ஆகவே ஒரே மீனில் ஒரு பக்கம் களைத்தது. மறு பக்கம் ஓய்ந்திருந்தது. ஒப்பிடுவதற்கு இதைவிட நேர்மையான வழி ஏது? மண்டபத்தில் நான் விளையாட்டாகச் செய்ததை அவர்கள் அளவோடு செய்தார்கள். அடி தேய்ந்து தேய்ந்து அடங்கியதும் இரண்டு பக்க நுண்பைகளையும் எடுத்து எண்ணினார்கள்.

களைத்த பக்கத்தில் நுண்பைகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகியிருந்தது. ஆனால் அவற்றுக்குள் இருந்த அசிட்டைல்கோலினும் ஏடிபியும் அதைவிட மிக அதிகமாகக் குறைந்திருந்தன. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள பொருத்தமின்மையைப் பாருங்கள். நுண்பை கொட்டியதோடு அழிந்துபோகிறது என்றால் இரண்டும் ஒரே அளவில் குறைந்திருக்க வேண்டும். பை இருக்கிறது, பையில் சரக்கு இல்லை என்றால், கொட்டிவிட்டுத் திரும்பி வந்த காலிப் பைகள் அங்கே கிடக்கின்றன என்று பொருள். சர்க்கரைத் தொடரான டெக்ஸ்ட்ரானை வெளியே விட்டுத் தூண்டியபோது, திரும்பி வந்த பைகளுக்குள் அது அகப்பட்டிருந்ததையும் பின்னர் காட்டினார்கள். பை வெளிப்புறம் பார்த்துத் திறந்திருந்தால் மட்டுமே அது உள்ளே போயிருக்க முடியும். தவளைத் தசையில் ஹியூசரும் ரீஸும் 1973இல் நுண்ணோக்கிப் படங்களால் சொன்ன சுழற்சியை, இங்கே வேதியியல் எடைபோட்டுச் சொன்னது.

பிறகு மீனை ஓய்வெடுக்க விட்டுப் பார்த்தார்கள். அடிக்கும் திறன் முதலில் வந்துவிடுகிறது. பைகளின் எண்ணிக்கை மெல்லத் தேறுகிறது. ஒவ்வொரு பையும் பழையபடி நிறைவதற்கு நாள்கணக்கில் ஆகிறது. அரைகுறையாய் நிரம்பிய நிலையில் அவை விட்டம் சுருங்கி, நீர் குறைந்து, அடர்த்தி கூடியிருக்கும். அதனால் சர்க்கரைக் கரைசலில் தனிப் பட்டையாகப் பிரிந்து நின்றன. அவற்றைத் தனியே பார்த்தபோது இன்னொரு செய்தி கிடைத்தது. புதிதாகச் செய்த அசிட்டைல்கோலின் முதலில் ஏறுவது இந்தச் சின்னப் பைகளில்தான். அடுத்த தூண்டலில் முதலில் வெளியேறுவதும் இவைதான். பழைய, நிறைந்த, பெரிய பைகள் பின்னால் காத்திருக்கின்றன. மளிகைக் கடையில் பழைய சரக்கை முன்னால் தள்ளுவார்கள். நரம்பு முனையில் வழக்கம் தலைகீழ்: இப்போது வந்ததே இப்போது போகும்.

நிரப்பும் வேலையைச் சற்று அருகே போய்ப் பார்ப்போம். வெளியே கொட்டிய அசிட்டைல்கோலினை நொதி கோலினாகவும் அசெட்டேட்டாகவும் உடைக்கிறது. கோலினை நரம்பு முனை, சோடியத்தோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. நம் மூளையில் மற்ற பாதி பெரும்பாலும் சர்க்கரையிலிருந்து புதிதாக வரும். திருக்கையோ வெளியே கிடக்கும் அசெட்டேட்டையும் பொறுக்கிக்கொள்கிறது. உடைந்த இரண்டு துண்டும் வீடு திரும்புகின்றன. உள்ளே இன்னொரு நொதி அவற்றை மறுபடி ஒட்டுகிறது. ஒட்டியதைப் பைக்குள் ஏற்றுவதுதான் கடினம். ஏனெனில் பைக்குள் செறிவு வெளியைவிடப் பல மடங்கு. பையின் சுவரில் ஒரு பம்பு ஏடிபியைச் செலவிட்டுப் புரோட்டான்களை உள்ளே திணிக்கிறது. திணிந்த புரோட்டான்கள் வெளியே வரத் துடிக்கும். இரண்டு புரோட்டான் வெளியே வந்தால் ஒரு அசிட்டைல்கோலின் உள்ளே போகலாம் என்பது வாயிலில் உள்ள கடத்திப் புரதத்தின் கணக்கு. 2,00,000 மூலக்கூறு ஏற இந்தப் பண்டமாற்று 2,00,000 தடவை நடக்க வேண்டும், ஒரே ஒரு பைக்கு. அடி சில மில்லி நொடிகளில் முடிந்துபோகிறது. அதற்கான கூலி இங்கே, இந்தச் சத்தமில்லாத வேலையில் செலவாகிறது.

எல்லோரும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. பிரான்சின் கிஃப்-சுர்-இவெட்டில் மொரிஸ் இஸ்ராயேலும் ஜெனீவாவில் இவ் துனானும் அதே மீனை வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றார்கள். மிதமாகத் தூண்டினால் முதலில் குறைவது பைகளுக்கு வெளியே கலந்து கிடக்கும் அசிட்டைல்கோலின். பைகளில் மாற்றமே தெரியவில்லை. ஆகவே நரம்பு முனையின் சுவரில் உள்ள ஒரு புரதமே கதவைத் திறந்து அதை நேரே வெளியேற்றுகிறது என்றார்கள். அந்தப் புரதத்துக்கு மீடியேட்டோஃபோர் என்று பெயரிட்டு, 1980களில் பிரித்தெடுத்தும் காட்டினார்கள். விட்டேக்கர் தரப்பு வேறு வகையில் பதில் சொன்னது. கோலினுக்கு ஒத்த போலிப் பொருள்களை ஊட்டி, வெளியே வரும் கலவையின் விகிதம் எதை ஒத்திருக்கிறது என்று பார்த்தார்கள். அது பைகளுக்கு வெளியே இருந்த கலவையை ஒக்கவில்லை. நான் சற்று முன் சொன்ன அந்தச் சின்னப் பைகளின் கலவையையே ஒத்திருந்தது. என் மனம் இந்தச் சான்றின் பக்கமே சாய்கிறது. துறையும் அப்படியே சாய்ந்தது. ஆனாலும் இஸ்ராயேலையும் துனானையும் வெறும் தோற்றவர்களாகச் சொல்லும் வகுப்பறைப் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் விடாமல் கேட்டதால்தான் இத்தனை நுட்பமான சோதனைகள் பிறந்தன. அவர்கள் பிரித்தெடுத்த புரதம், பைச் சுவரில் புரோட்டான் திணிக்கும் பம்பின் ஓர் உறுப்பே என்று பின்னர் தெரியவந்தது. இல்லாத ஒன்றை அவர்கள் காணவில்லை.

பை எப்படி நரம்பு முனையின் சுவரோடு ஒட்டித் திறக்கிறது என்ற புதிருக்கும் திருக்கை ஒரு திறவுகோல் தந்தது. 1988இல் ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஷெல்லரின் குழு, டார்பீடோ கலிஃபோர்னிகாவின் மின்னுறுப்பிலிருந்து வாம்ப்-1 என்ற பைச்சுவர்ப் புரதத்தின் மரபணுவைக் கண்டெடுத்தது. நம் மூளையில் இதன் உறவினரை சினாப்டோபிரெவின் என்கிறோம். 1992இல், டெட்டனஸ் நஞ்சு செய்வது இந்தப் புரதத்தைக் கத்தரிப்பதுதான் என்று தெரிந்தது. நுண்பைப் போக்குவரத்துக்காக 2013இல் ரோத்மன், ஷெக்மன், ஸூடாஃப் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வளவும் மீனின் கதை. எனக்கு இது மீனோடு நின்றுவிடவில்லை.

என் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயதில் கண்ணிமை சரியத் தொடங்கியது. காலையில் நன்றாக இருப்பார். மாலையில் தலை வாரக் கை தூக்க முடியாது. இரவில் சோற்றை மென்றுகொண்டிருக்கும்போதே தாடை ஓய்ந்துவிடும்; கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெல்லுவார். வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம், நான் உட்பட. மயஸ்தீனியா கிராவிஸ் என்று பெயர் தெரிய இரண்டு ஆண்டுகள் ஆயின.

அந்த நோயின் காரணம் வெளிப்பட்டதும் ஒரு மின்மீனால்தான். 1973இல் கலிஃபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தில் பேட்ரிக்கும் லின்ட்ஸ்ட்ராமும் மின்விலாங்கின் உறுப்பிலிருந்து, அசிட்டைல்கோலின் பட்டால் திறக்கும் வாயிலான ஏற்பியைப் பிரித்தெடுத்து, அதற்கு எதிர்ப்புரதம் உண்டாக்க முயல்களுக்கு ஊசி போட்டார்கள். முயல்கள் துவண்டு விழுந்தன. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியதும் சற்று நேரம் தேறின. மீன் ஏற்பிக்கு எதிராக உருவான எதிர்ப்புரதம் முயலின் சொந்த ஏற்பிகளையே தாக்கியிருந்தது. மயஸ்தீனியா நோயாளிகளின் உடலில் நடப்பதும் அதுவே என்று விரைவில் உறுதியாயிற்று.

மாலையில் மட்டும் ஏன் மோசம் என்பதற்கு விடை, நான் இதுவரை சொன்ன கதையிலேயே இருக்கிறது. தொடர்ந்து வேலை செய்யும்போது எல்லா நரம்பு முனைகளும், உங்களுடையதும் என்னுடையதும் கூட, அடுத்தடுத்த துடிப்புக்குக் கொட்டும் பைகளின் எண்ணிக்கை குறைகிறது. பைகள் திரும்பி வந்து நிரம்ப நேரம் வேண்டும். நமக்கு அது தெரிவதில்லை. தேவைக்கு மேல் ஏற்பிகள் இருப்பதால் குறைந்த சரக்கும் போதுமானதாகிறது. ஏற்பிகள் அழிந்துபோனவருக்கு அந்த உபரி இல்லை. கொட்டுவதற்கும் நிரப்புவதற்கும் இடையில் உள்ள இயல்பான தாமதம், அம்மாவின் தாடையில் வெளிப்படையாகத் தெரிந்தது.

மருத்துவர் பைரிடோஸ்டிக்மின் எழுதிக் கொடுத்தார். நக்மன்ஸோன் அளந்த அந்த நொதியைச் சற்று நேரம் கட்டிப்போடும் மாத்திரை. அந்த நொதியின் முப்பரிமாண அமைப்பை முதலில் பார்த்ததும் டார்பீடோவில்தான், 1991இல், இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வகத்தில். மாத்திரை வேலை செய்ய அரை மணி, முக்கால் மணி ஆகும். மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். அதற்குத் தக்கபடி வீட்டில் சாப்பாட்டு நேரம் மாறியது. ஆறரைக்கு மாத்திரை, ஏழேகாலுக்கு இட்லி.

ஒரு நாள் காத்திருக்கும் அந்த நேரத்தில் அம்மாவிடம் இந்த மீனைப் பற்றிச் சொன்னேன். அடித்து அடித்து ஓய்ந்துபோவதையும், காலிப் பைகள் திரும்பி வருவதையும் எனக்குத் தெரிந்த எளிய சொற்களில் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "ஓஞ்சு போனா அதுக்கு யார் மாத்திரை குடுப்பா?" என்றார்.

"மாத்திரை வேண்டாம்மா. மணலுக்குள்ள பாதி புதைஞ்சு அசையாம கெடக்கும். ரெண்டு மூணு நாள்ல தானா நெறஞ்சிரும்" என்றேன்.

"கெடக்கட்டும், பாவம்" என்று சொல்லிவிட்டுத் தட்டை முன்னால் இழுத்துக்கொண்டார்.